தகட்டில் ஏற்றிய சிரிப்பு

பூஞ்சணம் பிடித்த போட்டோவுக்கு ஒரு வாசம் உண்டு. நனைந்த சாக்கும் பழைய அரிசிமாவும் கலந்தது போல இருக்கும். மூக்கில் ஏறிய வேகத்தில் தொண்டைக்குள் இறங்கிவிடும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதலமடையில் அந்த வாசத்துக்கு வேலையில்லை. மழை பாதி வழியில் மறந்துவிட்டுப் போகிற பக்கம் இது, மாமரத்தை நம்பி நிற்கிற காய்ந்த மண். ஆனாலும் போன வாரம் அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கையில் வந்தது. கல்லூரியில் எடுத்த குரூப் போட்டோ. நான் பிறந்து வளர்ந்த ஏலப்பாறை எஸ்டேட்டிலிருந்து என்னோடு மலை இறங்கி வந்து, இத்தனை வருட வெயிலிலும் சாகாமல், அட்டைக்குள் பதுங்கிக் கிடந்த வாசம். படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் போய் நின்றேன்.

எங்கள் லயத்தில் சுவர்கள் வியர்க்கும். லயம் என்றால் எஸ்டேட்டில் வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அதைத் தடுத்துத் தடுத்து ஆறேழு குடும்பம். ஆனி பிறந்தால் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி வரை எழுந்து போகாது. துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி பற்றாது. சுவரில் மாட்டிய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் ஓரத்தில் தேமல் போல ஒரு வெள்ளை. அடுத்த மழைக்கு அது கழுத்துக்கு வரும். அப்பா அப்படித்தான் போனார். செத்தது ஒரு தடவை. சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல மழைக்காலம் செத்தார். காது போயிற்று, மீசை போயிற்று, கடைசியில் சட்டைப் பித்தான்கள் மட்டும் மிஞ்சின. அந்தப் பித்தான்களுக்கு அம்மா ரொம்ப நாள் விபூதி வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு நல்ல போட்டோ என்று ஒன்றுதான். என் கல்யாணத்தன்று எடுத்தது. நானும் என் வீட்டுக்காரரும் பாலக்காட்டில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவர் மாந்தோப்பு வீட்டுப் பிள்ளை. நான் கொழுந்து பறிப்பவளின் மகள். எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அவர் வீட்டிலிருந்து வந்த கார்கள் கோயில் வாசல்வரை வராமல் ரோட்டிலேயே நின்றன, திருப்பிப் போக வசதியாக.

தாலி கட்டும் நேரத்தில் அம்மா கோயிலுக்குள் இல்லை. தாலி அறுத்தவள் முன்னால் நிற்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே போய்த் தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். குமுளியிலிருந்து வந்த போட்டோகிராபர், எல்லாம் முடிந்து கிளம்பும்போது ரோலில் ஒரு படம் மிச்சம் கிடக்க, அதை அங்கேயே முடித்துவிடலாம் என்று அவள் பக்கம் கேமராவைத் திருப்பியிருக்கிறார்.

"என்னைய இன்னைக்கு யாரும் பாக்கக் கூடாதுல்லா, நீ போட்டோவுல புடிக்கியே" என்று சொல்லி அம்மா சிரித்தாளாம்.

அதுதான் படம். தலையில் துண்டு இல்லை, முதுகில் கூடை இல்லை. நீலச் சேலை. வெறும் நெற்றி. வெற்றிலைக் கறைப் பல் அத்தனையும் தெரிய, தன்னைத்தானே கேலி செய்துகொண்டு ஒரு சிரிப்பு. பின்னால் பச்சை.

அம்மா போன பிறகு என் தம்பிக்கு அந்தப் படம்தான் வேண்டியிருந்தது. அவன் இன்னும் அதே லயத்தில் இருக்கிறான். அவன் மனைவி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள்; அவன் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஆஸ்பத்திரியில் என் போனில் எடுத்த படங்கள் இருந்தன, மூக்கில் குழாயோடு. எஸ்டேட் அடையாள அட்டையில் ஒன்று இருந்தது. அதில் அவள் எதையோ திருடிப் பிடிபட்டவள் போல இருந்தாள்.

"அதெல்லாம் அம்மா இல்லக்கா. சிரிக்கிறதுதான் அம்மா" என்றான்.

அப்போதே அந்தச் சிரிக்கிற அம்மாவுக்கு முழங்கைவரை வெள்ளை ஏறியிருந்தது. இன்னும் ஒரு மழை தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்தச் சமயத்தில் என் கொழுந்தனார் எங்கள் தோப்பின் தெற்குக் கோடியில், நெல்லியாம்பதி மலை பார்த்த மாதிரி, வருகிறவர்கள் தங்குவதற்கு மூன்று அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவது அவருக்கு ஒரு காய்ச்சல். டைல்ஸ் பார்க்க ஒரு நாள், விளக்கு பார்க்க ஒரு நாள் என்று கோயமுத்தூருக்கும் தோப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் காரின் பின்கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அண்ணி, சித்தே இங்க வாங்க. இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"மாங்காய்."

"மாங்காதானுங்க. எதுல இருக்குதுன்னு கேக்கறன்."

முறத்தளவு ஒரு தகடு. அதில் மரத்தில் தொங்கும் மாங்காய், காம்பில் பால் வடிகிறதுவரை தெரிந்தது. காகிதத்தில் இருக்கும் படத்துக்கு ஒரு தோல் உண்டு. இதற்குத் தோலே இல்லை. நிறம் அடியிலிருந்து வந்தது. கிணற்றுக்குள் குனிந்து பார்ப்பது போல இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை, சொல்லத்தான் வேண்டும்.

"அலுமினியத் தகடுங்க. மேல வெள்ளையா ஒரு பூச்சு. படத்த ஒரு காயிதத்துல அடிச்சு, அதத் தகட்டு மேல கவுத்து வெச்சு, மிசின்ல சூட்டோட அமுக்குனாங்கன்னா மை பூச்சுக்குள்ள எறங்கிக்கும். பெரிய பெரிய ஊடுகள்ல இப்ப இதுதான் மாட்டறாங்க." கையிலிருந்த சொம்புத் தண்ணீரை மாங்காயின் மேல் ஊற்றித் துண்டால் துடைத்தார். "பாருங்க. பூஞ்சாளம் புடிக்காது, வெளுக்காது, கரையான் அரிக்காது. நம்மளே போனாலும் இது இருக்குமுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. மழை தின்னாத ஓர் அம்மா. அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தேன்.

படத்தைச் சட்டத்தோடு அப்படியே துணியில் சுற்றி, பொள்ளாச்சி வரும் ஒரு ஜீப்பில் கொடுத்தனுப்பினான். கொழுந்தனார்தான் கோயமுத்தூர்க் கடைக்கு எடுத்துப் போனார். காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டு, பிறகு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று துண்டாக வந்தது. துண்டுகளை ஒரு கவரில் போட்டு, தகட்டோடு சேர்த்துத் தம்பிக்கு அனுப்பினோம்.

மூளியான படத்தை வீட்டில் வைக்கக் கூடாது. சாமி படமோ, செத்தவர் படமோ, கிழிந்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. தம்பி குளித்து, சூடம் காட்டி, அந்த மூன்று துண்டையும் காய்ந்த மாலையோடு எஸ்டேட் ஓடையில் விட்டுவிட்டான். சரிதானே, இனித் தகடு இருக்கிறது.

தகடு வந்த அன்று வீடியோ காலில் காட்டினான். காட்டினான் என்பதுதான் பேச்சு. எனக்குத் தெரிந்தது சன்னலும் அவன் கையும் போனும். அத்தனை பளபளப்பு. எந்தப் பக்கம் சாய்த்துப் படம் எடுத்தாலும் அம்மாவின் முகத்தின் மேல் அவனே நின்றுகொண்டிருந்தான். "நேர்ல வந்து பாருக்கா, போன்ல புடிபட மாட்டேங்கா" என்றான். சந்தோஷமாக இருந்தான். அந்த வருடம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். ஆனி வந்தது, மேகம் வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் பெரட்டுக்குப் போகும் முன், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு ஓடும் முன், அவன் மனைவி அம்மாவின் நெற்றியில் விபூதி வைத்து, ஓரத்தில் சந்தனம் வைத்து, முன்னால் ஓர் அகல் ஏற்றிவிட்டுப் போவாள். நான் நேரில் போய்ப் பார்த்தபோது அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்று உள்ளே இருந்த நான் பார்க்காத சிரிப்பு.

முதல் வருடத் திதிக்கு முன்தினம், போன் வந்தது. தம்பி மனைவி. எனக்குப் போன் செய்கிற வழக்கமே அவளுக்கு இல்லை.

"மதினி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன பண்ணின?"

"சாமான் தேச்சேன் மதினி. நாளைக்குத் திதில்லா. குத்துவெளக்கு, மணி, தாம்பாளம் எல்லாத்தையும் எறக்கிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். அத்தை மேலயும் அகல்கரி ஏறிப் போயி, விபூதி பக்குக் கட்டிப் போயிக் கெடந்துச்சா. நீங்கதான தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது, தகடுதானன்னு சொன்னீக. அதையும் எறக்கிட்டேன்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்திருந்தேன்.

"மொதல்ல கரிதான் மதினி போச்சு. அப்புறம் கம்பி நார் போட்டேன். பளபளன்னு வந்துச்சு. நல்லா வருதுன்னு நெனச்சு இன்னும் அழுத்தித் தேச்சேன். வெளக்குல வாற மாதிரியே பளபளன்னு வந்துச்சு மதினி. கழுவிட்டுப் பாக்கேன், அத்தை இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பண்டிகைக்கும் திதிக்கும் முன்தினம் வீட்டில் இருக்கிற உலோகம் அத்தனையும் கீழே இறங்கிப் புளிக்குப் போகும். அது அவள் மாமியார் அவளுக்குக் காட்டிக்கொடுத்த வேலை. கண்ணாடிக்குள் காகிதத்தில் இருந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டிருப்பாள். நாங்கள் தகடு என்று சொன்னோம். அவள் தகட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள்.

மறுநாள் திதியில் நான் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் இடத்தில் ஆஸ்பத்திரிப் படம் போனில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. திரை அணைந்து அணைந்து போக, தம்பி விரலால் தொட்டுத் தொட்டு அம்மாவை எழுப்பிக்கொண்டிருந்தான். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "அத எப்பவும் எரியற மாதிரி செட்டிங் இருக்குப்பா" என்றார்.

கார்த்திகையில் தம்பி முதலமடைக்கு வந்தான், தகட்டை எடுத்துக்கொண்டு. கேரளத்தில் ஏறிக் கேரளத்தில் இறங்க நடுவில் தமிழ்நாட்டைக் குறுக்கே தாண்ட வேண்டும். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று பஸ் மாறி மாறி வந்து இறங்கினான். அம்மா வருகிற வழி அதுதான். இத்தனை வருடத்தில் அவள் இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள், விடியும்வரை தேனி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கிளம்பச் சொல்லி இங்கே யாரும் சொன்னதில்லை. இருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. கூடத்தில் மாமனார், அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று வரிசையாகச் சீரியல் விளக்கோடு தொங்குகிறார்கள். அந்த வரிசையின் கடைசியில் அம்மாவுக்கு ஓர் ஆணி கேட்க எனக்கு நாக்கு எழுந்ததில்லை.

"வாங்க மாப்ள. மலையில மழைங்களா?" என்று கொழுந்தனார் கேட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

தம்பி உட்காராமல் துணியைப் பிரித்தான். விளிம்பு முழுக்கப் பச்சை அப்படியே இருந்தது. இடது ஓரத்தில் நீலச் சேலை மூடிய ஒரு தோள். நடுவில் கழுவிக் கவிழ்த்த தட்டு போல ஒரு வெளிச்சம். அதில் கம்பி நார் போய் வந்த வட்ட வட்டக் கோடுகள்.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். "குத்துவெளக்குன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது."

"தகடுன்னு குடுத்தா தேய்க்கத்தான செய்வாக" என்றான் தம்பி. "இன்னொண்ணு அடிச்சுத் தரணும் மாப்ள. அதுக்குத்தான் வந்தேன். கட எங்க இருக்குன்னு சொன்னா நானே போயிருதேன்."

"அதுக்கு எதுக்குங்க கோயமுத்தூரு வரைக்கும். நம்மகிட்டயே இருக்குது. இத விடப் பெருசு. அண்ணிக்குச் சொல்லாம வெச்சிருந்தனுங்க, தெறப்பு அன்னிக்குப் பாக்கட்டும்னு. வாங்க, ஒட்டுக்காப் போயிப் பாத்தரலாம்."

நாலு பேரும் தோப்புக்குள் நடந்தோம். மரங்கள் பூவெடுக்கத் தொடங்கியிருந்தன. தலைக்கு மேலே ஈக்கள் மொய்க்கும் சத்தம். தம்பி எனக்கு முன்னால் நடந்தான். வேகமாக நடந்தான். ஓடையில் விட்டது, புளியில் போனது எல்லாம் போகட்டும், எங்கேயோ ஒரு சுவரில் அம்மா முழுசாக இருக்கிறாள் என்ற நினைப்பு அவன் முதுகில் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் மாமியார் வீட்டு மண்ணில் என் அம்மாவுக்கு ஒரு சுவர். அந்த நடையில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மூன்று அறைகளுக்கும் ஒவ்வொரு பேர். மாங்காய் ரூம், யானை ரூம்.

"இது டீ ரூமுங்க" என்று கடைசிக் கதவைத் திறந்தார்.

தம்பி வாசலில் செருப்பைக் கழற்றினான். அது தங்கும் அறை, யாரும் கழற்ற வேண்டியதில்லை. அவன் கழற்றினான்.

கட்டில். வெள்ளை விரிப்பு. அதன் மேல் துண்டுகளை அன்னம் போல மடித்து, இரண்டு அன்னங்களும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வைத்திருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, கட்டில் அகலத்துக்கு, அம்மா.

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நீலச் சேலை சாம்பலாகியிருந்தது. பின்னால் இருந்த இலைகளுக்கு மட்டும் பச்சை. அப்புறம் இன்னொரு நிறம். நெற்றி நடுவில் வட்டமாக, ரத்தச் சிவப்பில், ஒரு பொட்டு.

தம்பியின் கைகள் கும்பிட எழுந்திருந்தன. நெஞ்சுக்கு வந்த இடத்தில் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான்.

"பொட்டு யாரு வச்சா?"

"டிசைன் பண்றவங்க வெச்சதுங்க. நெத்தி வெறிச்சுன்னு இருந்துது. இங்க தங்க வர்றவங்க புதுசாக் கல்யாணம் ஆனவங்களா இருப்பாங்க. ரூமுக்குள்ள வந்ததும் அபசகுனமா ஆயிரக் கூடாதில்லீங்களா." பெருமையாகவே சொன்னார். அம்மாவுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். "எப்படி வந்திருக்குது பாருங்க. கடக்காரரே இத ஆர்ட்டுன்னு சொன்னாருங்க. பல்லக்கூடச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாங்க."

அப்போதுதான் பற்களைப் பார்த்தேன். வெள்ளை. ஒரு கறை இல்லை. கன்னத்தில் இருந்த பள்ளமும் இல்லை. சிரிப்பு இருந்தது, அதைச் சிரித்தவளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அன்னைக்கு அம்மா வெளிய நின்னதே இந்த அபசகுனத்துக்குத்தான மாப்ள" என்றான் தம்பி. சத்தம் போடவில்லை. விவரம் சொல்கிறவன் போலச் சொன்னான்.

"எடுத்திருங்க" என்றேன் நான்.

கொழுந்தனார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் துண்டு அன்னங்களைப் பார்த்தார்.

"பசை போட்டு ஒட்டியாச்சுங்க அண்ணி. பேத்தா தகடு மடங்கிரும். செவுத்துப் பூச்சும் ஒட்டுக்கா வந்துரும். ஞாயித்துக்கெழம மொத ஆளுங்க வர்றாங்க. மாப்ளைக்கு இதே பைல்ல சின்னதா ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்றன், இப்பவே கேக்கறன்." போனை எடுத்துக் கடைக்காரரிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டார், ஒளிக்க எதுவும் இல்லாதவராக.

பொட்டில்லாமல் ஒன்று அடிக்க முடியுமா என்று நான்தான் கேட்டேன்.

"முடியும் மேடம். ஆனா ஸ்கேன் பண்ணுன ஒரிஜினல் இப்ப இல்லீங்க, வேல முடிஞ்சா அழிச்சுருவோம். இந்தப் பைனல்தான் இருக்குது. பொட்ட எடுத்தா அடியில நெத்தி இருக்காது. நெத்திய நாங்கதான் வரையணும். வரஞ்சரலாம், நல்லாத்தான் வரும்."

தம்பி கேட்டான்: "பல்லு?"

"அது என்னங்க?"

"பல்லுக் கற. அதையும் வரைவீங்களா?"

"எப்படி இருந்துதுன்னு சொன்னீங்கன்னா ட்ரை பண்ணலாமுங்க" என்றார் கடைக்காரர். கொழுந்தனார் போனை அணைத்தார்.

நான் கட்டிலில் ஏறினேன். வெள்ளை விரிப்பில் என் கால் தோப்பு மண்ணோடு பதிந்தது. அன்னங்களில் ஒன்று சரிந்தது. கொண்டை ஊசியை உருவிப் பொட்டைச் சுரண்டினேன். ஊசி வழுக்கியது. அழுத்தினேன். கீறல்கூட விழவில்லை. தம்பி மனைவி புளியும் நாருமாகத் தேய்த்தபோது அம்மா போய்விட்டாளே, இந்தப் பொட்டு ஏன் போகவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அது போவாதுங்க அண்ணி, எறங்குங்க" என்றார் கொழுந்தனார். "இது சூட்டுல உள்ள ஏத்துனது. மாப்ளைக்குக் குடுத்தது மேலாப்புல அச்சடிச்சதுங்க. அது வேற வகை."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாய் திறந்து, "இருக்கட்டும், பாக்கலாம்" என்றார். எதை இருக்கட்டும் என்றார், எதைப் பார்க்கலாம் என்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓ, ரெண்டு வகை இருக்கா" என்றான் தம்பி. குனிந்து செருப்பை மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறார்கள். யாரும் பேர்க்கவில்லை, நானும் மறுபடி மறுபடி கேட்டு, கேட்பதே ஒரு சீக்காகிப் பிறகு நிறுத்தினேன். விரிப்பை மாற்றப் போகிறவளிடம் ஒரு பெண் கேட்டாளாம், அந்த டீ லேடி மாடலா, நிஜமாகவே பறிப்பவரா என்று. ரொம்பக் களையான முகம் என்றாளாம். கொழுந்தனார் அதை என்னிடம் வந்து சொன்னார், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து. சில நாள் மாலையில் அந்தப் பக்கம் விளக்கு எரியும்போது தோப்பில் நின்று பார்ப்பேன். திரைச்சீலை மூடியிருக்கும். அம்மா என் வீட்டில் தங்கத் தொடங்கிவிட்டாள், ராத்திரி தவறாமல், யார் யாருடனோ.

அறையைப் பார்த்த அன்றைக்குத் தம்பி சாப்பிடவில்லை. முக்கில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றோம். என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தான். மாங்காய்க் கூடை ஏற்றாத வெறும் லாரிகள் இரண்டு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. தகடு துணியில் சுற்றி அவன் கக்கத்தில் இருந்தது. அது நெளியும்போதெல்லாம் டொம்மென்று ஒரு சத்தம்.

"அதை இங்க வச்சிட்டுப் போயேன். வெறும் தகடு, அதை வச்சு என்ன செய்யப் போற" என்றேன்.

"ஓரத்துல அவ தோளு இருக்குல்லா" என்றான். "பொட்டு வைக்காத தோளு."

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. நான் அவன் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டான், திருப்பிப் பிடிக்கவில்லை.

"எடுக்க வச்சிருதேன்டா. கொஞ்ச நாள் பொறு. நான் பேசுதேன்."

"நீ பேசி அம்மாவ ஒரு ராத்திரி தங்க வச்சியாக்கா?"

பஸ் வந்து நின்றது. ஏறுபலகையில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஜீப்பில் ஏறுகிற டூரிஸ்ட்டுக்கு வழி சொல்கிறவன் போல நிதானமாகச் சொன்னான்:

"அடுத்த வருசம் திதிக்கு நீ மலையேறி வர வேண்டாங்க்கா. ஒன் வீட்டுலயே அம்மா இருக்கா. ரூமு காலியா இருக்கிற நாளாப் பாத்து, உள்ள போயிக் கும்பிட்டுக்க."